பழைய பிர்னோ .22: மலை ஈரத்தில் உதிரிபாகங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

நீலகிரித் தோட்ட வீடுகளில் இன்னும் உரிமத்தோடு இருக்கும் பழைய .22 ரைஃபிள்களில், செக் நாட்டுத் தயாரிப்பான பிர்னோ மாடல் 2 வைத்திருப்பவர்களுக்குப் பாகம் தேடும் அலைச்சல் குறைவு. அதன் வழியில் வந்த சிஇசட் 452, 455 ரைஃபிள்களின் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) இதற்கும் பொருந்தும். ஐந்து தோட்டா பிடிக்கும் இரும்பு மேகசினைத்தான் பரிந்துரைப்போம். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் அதன் உதடு (மேல் விளிம்பு) மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். இரும்பில் உதடு விரிந்தால் மெல்ல வளைத்துச் சரிசெய்யலாம். ஆடி மழையில் கூடலூர் பக்கம் மரக்கட்டை ஊதி மேகசின் இறுகும். அதற்காக மேகசினைத் தேய்த்துவிட்டால் மாசி வெயிலில் அது ஆட ஆரம்பித்துவிடும்.

பாகம் தேடி அலைவதற்கு முன், பாகம்தான் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். மார்கழிக் காலையில் ஊட்டியில் தோட்டா வெடிக்காமல் போனால் எல்லோரும் ஸ்பிரிங்கைத்தான் குறை சொல்கிறார்கள். துப்பாக்கியின் வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி முப்பது விநாடி பொறுத்து, தோட்டாவை வெளியே எடுத்து அதன் அடி விளிம்பில் விழுந்த தடத்தைப் பாருங்கள். தடம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் குறை தோட்டாவில். தடம் மேலோட்டமாக இருந்தால் பெரும்பாலும் போல்ட்டுக்குள் (பீப்பாயின் பின்பக்கத்தை அடைக்கும் தண்டு) பழைய எண்ணெய் பிசினாகி, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னைப் பிடித்துக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெயை மிக மெல்லிய படலமாக விட்டாலே பல ரைஃபிள்கள் சரியாகிவிடுகின்றன. அதற்குப் பிறகும் தடம் ஆழமாகவில்லை என்றால் மட்டும் ஸ்பிரிங் மாற்றலாம். அதுவும் அசல் விறைப்பில்தான். விறைப்பு கூடினால் பின்னின் அடியும் கூடும்.

இதைவிடத் தந்திரமான கோளாறு ஒன்று உண்டு. காலித் தோட்டா வெளியே வராவிட்டால், அதை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்துவிட்டது என்று புதிதாக வரவழைப்பார்கள், அப்போதும் வராது. தோட்டா இல்லாமல் டிரிகரை அழுத்தி அழுத்தி, ஃபயரிங் பின் சேம்பர் (பீப்பாயில் தோட்டா அமரும் இடம்) ஓரத்தில் அடித்திருக்கும். அந்த அடியில் உலோகம் பிதுங்கித் தோட்டாக் கூட்டைக் கவ்வும். காலிக் கூட்டில் ஒரே இடத்தில் கீறல் தெரிந்தால் காரணம் இதுதான். பிதுங்கலை அரம் போட்டு எடுக்கக் கூடாது. அதற்கான கருவியால் உலோகத்தைப் பழைய இடத்துக்கே அழுத்தித் தள்ள வேண்டும். புது ஃபயரிங் பின் போடும்போதும் இதே கவனம் வேண்டும். .22 எல்.ஆர். தோட்டாவின் விளிம்புத் தடிப்பு அதிகபட்சம் 1.09 மி.மீ. பின் முனை அதைவிடக் குறைவாகவே வெளியே நீள வேண்டும்.

எக்ஸ்ட்ராக்டரே தேய்ந்திருந்தால் 452-இன் பாகத்தை வைத்துப் பார்க்கலாம். பக்கவாட்டில் இறுகினால் புதுப் பாகத்தின் பக்கத்தை மட்டும் நுண் அரத்தால் தேய்க்க வேண்டும். கொக்கியின் கோணத்தைத் தொடக் கூடாது. எதைப் பொருத்தினாலும் தேய்வது புதுப் பாகமாக இருக்கட்டும், பழைய போல்ட்டாக இருக்கவே கூடாது. பாகத்தை இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், அந்தப் போல்ட் மறுபடி கிடைக்காது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதமே. பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். ஆகவே தேய்ப்பது, பொருத்துவது எல்லாம் கோவையிலோ சென்னையிலோ உள்ள உரிமம் பெற்றவரிடம்தான். அளவெடுப்பதும் சுத்தம் செய்வதும் நம் வேலை. பழைய பாகத்தை வெர்னியரில் அளந்து, பீப்பாயில் உள்ள முத்திரைகளைப் படமெடுத்துப் பாகம் விற்பவருக்கு அனுப்பினால் தவறான பாகம் வருவது வெகுவாகக் குறையும்.

பிரிட்டிஷ் துப்பாக்கி என்றால் திருகாணியில் உஷார். 0 பிஏ (பழைய பிரிட்டிஷ் அளவு) திருகாணியும் எம்6 (மெட்ரிக் அளவு) திருகாணியும் இரண்டுமே 6 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை இடைவெளி. ஆனால் மரைக் கோணம் 0 பிஏ-யில் 47.5 பாகை, எம்6-இல் 60. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் இரண்டு சுற்று சுகமாக ஏறிப் பிறகு இறுகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் திருகினால் துப்பாக்கியின் மரை போய்விடும்.

தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கும்போது தோல் உறையில் வைத்துக் கொடுக்காதீர்கள். தோல் ஈரத்தை வாங்கிப் பீப்பாயோடு ஒட்டவைக்கும். உள்ளும் புறமும் எண்ணெய் பூசி, எண்ணெய் நனைத்த துணியில் சுற்றிக் கொடுங்கள். திரும்பி வந்த அன்றே பீப்பாயைத் துடைத்து எண்ணெயை எடுத்துவிட வேண்டும். எண்ணெய் தேங்கிய பீப்பாயோடு சுடக் கூடாது.