ஒரே தொகையா, ஆயுள் முழுவதும் தவணையா? பராமரிப்புச் செலவுக்கான இழப்பீட்டுக் கணக்கு

படுத்த படுக்கையாகிவிட்டவரைக் குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்க வைக்கவும் ஆயுள் முழுவதும் ஆள் வைப்பதற்கு என்ன செலவாகும் என்பதை நீதிமன்றங்கள் வெவ்வேறு வழிகளில் கணக்கிடுகின்றன.

லாரி மோதி மூளை பாதிக்கப்பட்ட 12 வயதுச் சிறுமியின் வழக்கில், பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் மாதம் 2,500 ரூபாய் வீதம் 44 ஆண்டுகளுக்கு 13,20,000 ரூபாய் வழங்கியது. ஆண்டுகளை அப்படியே பெருக்குவது முறையல்ல என்று 2020-இல் கூறிய உச்ச நீதிமன்றம், வருமான இழப்புக்குப் பயன்படும் பெருக்கியையே, அதாவது ஆண்டுத் தொகையைப் பெருக்குவதற்கென வயதைப் பொறுத்து வைத்திருக்கும் எண்ணையே, இதற்கும் எடுத்துக்கொண்டது. இரண்டு உதவியாளர்களுக்கு மாதம் 10,000 ரூபாய், பெருக்கி 18, ஆக மொத்தம் 21,60,000 ரூபாய். இந்த உயர்வு பெருக்கியால் வந்ததல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய 2,500 ரூபாயையே 18-ஆல் பெருக்கியிருந்தால் 5,40,000 ரூபாய்தான் கிடைத்திருக்கும். மாதத் தொகை நான்கு மடங்கானதால்தான் அந்தக் குடும்பம் தப்பியது.

மொத்தப் பணமும் முன்கூட்டியே கைக்கு வந்து வட்டி ஈட்டும் என்பதே பெருக்கி ஆண்டுகளைக் குறைப்பதற்கான நியாயம். உதவியாளர் சம்பளம் வட்டியைவிட வேகமாக ஏறினால் அந்த நியாயம் நிற்காது. வட்டி விலைவாசி உயர்வைவிடப் பின்தங்கலாம் என்பதை இங்கிலாந்து வெளிப்படையாகவே ஏற்றது: அங்கு 2017-இல் தள்ளுபடி விகிதம் (விலைவாசி உயர்வைக் கழித்தபின் அந்தப் பணம் ஈட்டும் என்று எடுத்துக்கொள்ளும் வட்டி) மைனஸ் 0.75 சதவீதமானபோது, பெருக்கி ஆண்டுகளின் எண்ணிக்கையையே மிஞ்சியது. 2025 ஜனவரி முதல் அந்த விகிதம் 0.5 சதவீதம்.

அங்கு இன்னொரு வழியும் உண்டு. 2005 ஏப்ரல் முதல், தரப்பினர் சம்மதிக்காவிட்டாலும், காயமடைந்தவர் உயிரோடிருக்கும்வரை ஆண்டுதோறும் பணம் தர நீதிமன்றம் ஆணையிடலாம். அந்தத் தொகையைப் பராமரிப்புப் பணியாளர்களின் ஊதிய உயர்வோடு இணைக்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் ஏற்றது. ஆயுளை ஊகிக்கும் வேலையே இதில் இல்லை. பணம் பாதியில் தீர்ந்துவிடும் அச்சமும் இல்லை. பணம் தருபவர் கடைசிவரை தருவார் என்ற உறுதி மட்டும் வேண்டும். பராமரிப்புச் செலவுக்கு இதுவே மிக நேர்மையான முறை என்பது என் உறுதியான கருத்து.

இந்தியாவிலோ, இறுதித் தீர்ப்புக்குப் பின் மீண்டும் இழப்பீடு வழங்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே கூறிவிட்டது. எனவே வருங்காலச் செலவு முழுவதையும் அந்த ஒரே தீர்ப்பில் கேட்டுப் பெற்றாக வேண்டும். பெருக்கி வயதைப் பொறுத்து அட்டவணையிலேயே இருப்பதால், வழக்கறிஞர் உண்மையில் வாதாடி உயர்த்தக்கூடியது மாதத் தொகையை மட்டுமே; உள்ளூரில் ஓர் உதவியாளர் கேட்கும் சம்பளம், இரவுக்குத் தனி ஆள் தேவை என்ற மருத்துவரின் சாட்சியம், தாய் செய்யும் வேலைக்கும் மதிப்புண்டு என்ற வாதம் ஆகியவற்றைத் தீர்ப்பாயத்தில் முதல் விசாரணையிலேயே பதிவு செய்துவிட வேண்டும்.