துணி சுற்றாத வாஷிங் மெஷின்: பெல்ட்டா, கெபாசிட்டரா?

தண்ணீர் நிரம்புகிறது, விளக்கு எரிகிறது, 'உம்ம்' என்று ஒரு சத்தமும் வருகிறது. துணி மட்டும் அசையவில்லை. மோட்டார் போய்விட்டதோ என்றுதான் உடனே பயம் வரும். ஆனால் மேலே துணி போடும் மெஷினில் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன், மோட்டாரின் சுழற்சியை டப்புக்குக் கடத்தும் பெல்ட்டையும், மோட்டார் ஓடத் தொடங்க உதவும் சிறு மின்பாகமான கெபாசிட்டரையும் பார்த்துவிட வேண்டும். இந்த இரண்டில் எது கெட்டாலும் வெளியே தெரிவது ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் ஒன்றுக்குப் பதில் மற்றதை மாற்றிவிடுகிறோம். எங்கள் வீட்டில் புதுக் கெபாசிட்டர் போட்டும் டப் சுற்றவில்லை. அப்புறம் பார்த்தால் பெல்ட் தொளதொளவென்று கிடந்தது.

முதலில் ஒரு கேள்வி: துவைக்கும்போதும் சுற்றவில்லையா, பிழியும்போது மட்டும்தானா? முழு ஆட்டோமேட்டிக்கில் இரண்டு வேலைக்கும் ஒரே மோட்டார்தான். துவைப்பது ஒழுங்காக நடந்தால் பெல்ட், கெபாசிட்டர் இரண்டின் மேலும் சந்தேகம் வெகுவாகக் குறைந்துவிடும். மூடி சுவிட்ச், வெளியேறாமல் நிற்கும் தண்ணீர், ஒரு பக்கமாகக் குவிந்த துணி, இவற்றைப் பாருங்கள். பல மாடல்களில் தண்ணீரைத் திறந்துவிடும் டிரெயின் மோட்டார்தான் பிரேக்கையும் விடுவிக்கிறது. அது இழுக்கவில்லை என்றால் தண்ணீரும் போகாது, டப்பும் சுற்றாது.

இரண்டுமே நடக்கவில்லை என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்திருந்தாலோ நழுவினாலோ மோட்டார் சுமையில்லாமல் 'விர்ர்' என்று சீராக ஓடும், மேலே பல்சேட்டர் (டப்பின் அடியில் துணியைச் சுழற்றும் தட்டு) நிற்கும் அல்லது தயங்கித் தயங்கித் திரும்பும். கூடவே கீச்சொலியும் ரப்பர் கருகிய வாசனையும் வரலாம். கெபாசிட்டர் போனால் மோட்டாரே ஓடாது. நின்ற இடத்திலேயே உறுமும், தொட்டால் கை வைக்க முடியாத சூடு இருக்கும். சில நிமிடத்தில் உள்ளே உள்ள வெப்பக் காப்பு மின்சாரத்தை வெட்டிவிடும். ஆறிய பிறகு மறுபடி அதே உறுமல்.

குழப்பம் வருவது பாதி கெட்ட நிலையில்தான். தேய்ந்த பெல்ட், வலுவிழந்த கெபாசிட்டர் இரண்டுமே காலி டப்பைச் சுற்றிவிடும், ஈரத்துணியைப் போட்டதும் கைவிட்டுவிடும். அப்போது கவனிக்க வேண்டியது மோட்டாரின் சத்தத்தை. துணி நிற்கும்போதும் மோட்டார் அதே வேகத்தில் ஓடினால் பெல்ட். மோட்டாரின் சத்தமும் சேர்ந்து அமுங்கினால் கெபாசிட்டர் பக்கம் போகலாம்.

சோதனையில் நான் பெல்ட்டையே முதலில் வைப்பேன், கண்ணும் விரலும் போதும் என்பதால். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றுங்கள். வெடிப்பு, பளபளப்பு, கீழே கொட்டிய கறுப்புத் தூள் ஆகியவை தேய்மானத்தின் அடையாளம். பெல்ட் ஓடும் இரண்டு சக்கரங்களுக்கும் (புல்லி) நடுவில் பெல்ட்டை அழுத்தினால் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உள்ளே போகலாம். அதைவிடத் தளர்ந்திருந்தால் மோட்டாரின் போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, மோட்டாரைத் தள்ளி, மறுபடி முறுக்கினால் போதும். புதிது வாங்கவே வேண்டியிருக்காது. அளவுக்கு மீறி இழுத்துக் கட்டினால் பேரிங் தேயும். மாற்றுவதென்றால் பழைய பெல்ட்டில் அச்சிட்ட எண்ணையே வாங்குங்கள்.

கெபாசிட்டர் அப்படியல்ல. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் நிற்கும். இரு முனைகளுக்கும் இடையே 20,000 ஓம் மின்தடையைச் சில நொடி வைத்து அதைத் தீர்த்துவிட்டு, மல்டிமீட்டரில் வோல்ட் இல்லை என்று பார்த்த பிறகே தொட வேண்டும். உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ அதுதான். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வலுவிழந்திருக்கலாம். அதற்குக் கெபாசிட்டரை அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் வேண்டும். மேலே 10 மைக்ரோபாரட், ±5% என்று இருந்தால் அளவு 9.5-க்குக் கீழே போகக்கூடாது. மாற்றும்போது மைக்ரோபாரட் அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். மின்வேலையில் பழக்கமில்லாதவர்கள் இதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

செமி ஆட்டோமேட்டிக்கில் போட்டியே வேறு. துவைக்கும் பக்கத்துக்குத்தான் பெல்ட். டிரையர் மோட்டார் டப்போடு நேரடியாக இணைந்திருக்கும், ஆகவே அங்கே கெபாசிட்டரோடு போட்டி போடுவது பிரேக். மூடியை மூடும்போது ஒரு கம்பி பிரேக்கை இழுத்து விடுவிக்கிறது. அது அறுந்தாலோ நீண்டாலோ பிரேக் பிடித்தபடியே இருக்கும், கெபாசிட்டர் போனது போலவே மோட்டார் உறுமும். ப்ளக் இல்லாமல், டிரையர் மூடியை மூடி வைத்து, கீழே பிரேக் சக்கரத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் பிரேக், லேசாகத் திரும்பினால் கெபாசிட்டர்.

முன்பக்கக் கதவு மெஷினில் கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் என்றால் பிரஷ் தேய்ந்ததா என்று பாருங்கள். பெல்ட் இல்லாத நேரடி இன்வெர்ட்டர் மோட்டாருக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது.

பெல்ட்டும் கெபாசிட்டரும் சரி, இன்னும் சுற்றவில்லை என்றால் ப்ளக்கைப் பிடுங்கிய நிலையில் பெல்ட்டைக் கழற்றி மோட்டார் புல்லியைக் கையால் சுற்றுங்கள். அது இறுகியிருந்தால் பழுது மோட்டாரில். லேசாகச் சுற்றினால் அடுத்து டப்பின் கீழே உள்ள பெரிய புல்லியைத் திருப்புங்கள். அது திரும்பி மேலே பல்சேட்டர் திரும்பவில்லை என்றால் பல்சேட்டரின் பல் தேய்ந்திருக்கலாம். புல்லியே அசையவில்லை என்றால் பல்சேட்டரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் காலுறையோ நாணயமோ சிக்கியிருக்கலாம். அங்கே ஒன்றும் இல்லை என்றால்தான் கியர்பாக்ஸ்.