கிளிப்பை இறக்கவா, ஜெட்டை மாற்றவா, கார்புரேட்டரையே மாற்றவா?

என் டூ-ஸ்ட்ரோக் பைக்கான யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு சேம்பர் சைலன்சர் (நடுவில் உப்பிய, இழுவை கூட்டும் புகைக்குழாய்) போட்டு, காற்று பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு திறந்த கூம்பு பில்டர் மாட்டிய மறுநாளே வண்டி வேலையைக் காட்டியது. நாகர்கோவில் வடசேரியில் கிளம்பும்போது ஜோர். ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்கினால் இழுவை செத்துவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் ஆசான், "வெள்ளை வெளேர்னு இருக்கு மக்கா. இப்படியே ஓட்டினா பிஸ்டன் பிடிச்சிரும்" என்றார். காற்று கூடிவிட்டது, பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே வருகிறது. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில் இதற்குச் சொல்லப்படும் மூன்று வழிகளையும் செய்து பார்த்தேன்.

கிளிப்புக்குக் காசே வேண்டாம். ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கி பெட்ரோல் வழியைத் திறக்கும் கார்புரேட்டர் ஊசியை அது பிடித்திருக்கும். ஊசியில் இருக்கும் வரிகளில் ஒன்று கீழே கிளிப்பை மாட்டினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். தக்கலை, மார்த்தாண்டம் நெரிசலில் வண்டி நன்றாகவே ஓடியது. ஆனால் ஊசியின் ஆட்சி கால் ஆக்சிலேட்டரில் இருந்து முக்கால் வரைதான். அதற்கு மேல் மெயின் ஜெட், அதாவது பெட்ரோல் அளவை முடிவு செய்யும் துளை போட்ட சின்னத் திருகு.

இந்த வித்தியாசம் விளங்க ஆரல்வாய்மொழிக்குப் போனால் போதும். தென்மேற்குப் பருவக் காற்று கணவாய் வழியாகக் கிழக்கே வீசும் நாளில், நாகர்கோவிலில் இருந்து காவல்கிணறு போகும்போது முதுகில் தள்ளுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் பாதி முறுக்குகூட வேண்டாம். அதே வேகத்தில் திரும்பி வரும்போது முப்பந்தல் காற்றாலைகள் பக்கம் எதிர்காற்றில் முழுசாக முறுக்க வேண்டியிருக்கிறது. போகையில் சமத்தாக இருந்த வண்டி வருகையில் திணறியது. கிளிப்பின் எல்லை அவ்வளவுதான். பில்டரைத் தொடாமல் சைலன்சரை மட்டும் லேசாகத் திறந்த போர்-ஸ்ட்ரோக் வண்டிக்கு அது பெரும்பாலும் போதும். டூ-ஸ்ட்ரோக் சேம்பருக்குப் போதாது.

அடுத்து ஜெட். இதில் முதலில் ஏமாந்தேன். ஒரு பட்டறையில் பழைய ஜெட்டின் துளையையே டிரில் போட்டுப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். நம்பர் பழையது, ஓட்டை புதியது. எவ்வளவு பெரிதானது என்று யாருக்கும் தெரியாது. வண்டி கரும்புகை கக்கியது, பிளக் கரியேறி அணைந்தது. அப்புறம் நம்பர் போட்ட ஜெட்டுகளை வாங்கி, வேண்டுமென்றே பெரியதில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கினேன். சிறியதில் தொடங்கி ஏறினால் தேடி முடிப்பதற்குள் பிஸ்டன் போய்விடும்.

சோதனை எளிது: காலிச் சாலையில், மூன்றாவது கியரில், முழு முறுக்கில் கொஞ்ச தூரம் ஓடி, கிளச்சைப் பிடித்துக்கொண்டே இன்ஜினை அணைத்து ஓரமாக உருட்டிப் போய் பிளக்கைப் பார்க்க வேண்டும். மெதுவாக வீடு வந்து பார்த்தால் அது மெதுவாக ஓடியதன் நிறத்தைத்தான் காட்டும். பழைய ஜெட்டைவிட இரண்டு நம்பர் பெரியதில் சரியான கலவையைக் காட்டும் தேயிலைத்தூள் பழுப்பு வந்தது. கிளிப் பழைய இடத்துக்கே திரும்பியது. இப்போதைய இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலையும் கணக்கில் எடுங்கள். எத்தனால் கலக்காத பழைய பெட்ரோல் ஒரு பங்குக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு சுமார் 13.5 போதும். அதாவது எதையும் மாற்றாத வண்டியே கொஞ்சம் வறண்டுதான், அதாவது காற்று கூடி பெட்ரோல் குறைந்துதான், ஓடுகிறது. இன்னொன்று: பயந்துபோய் பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயிலைக் கூட்டி ஊற்றாதீர்கள். ஆயில் கூடினால் அதே துளையில் பெட்ரோல் குறையும், வறட்சி இன்னும் கூடும்.

மூன்றாவது, 28 மில்லிமீட்டர் கார்புரேட்டர். ஒரிஜினல் 20. சிலிண்டர் போர்ட்டை (கலவையும் புகையும் போகும் வழிகளை) பெரிதாக்காமல் இதை மாட்டினால் சின்ன முறுக்கில் காற்றோட்டம் மந்தமாகி, குலசேகரம் ரப்பர் தோட்ட ஏற்றங்களில் முக்குகிறது. ஜெட்டுகளையும் முதலில் இருந்து தேட வேண்டும். ரேஸுக்குப் போகிறவர் வாங்கட்டும். நான் ஒரு மாதத்தில் விற்றுவிட்டேன்.

ஐப்பசி மழையில் கூம்பு பில்டர் ஊறி வண்டி இரண்டு தடவை நடுரோட்டில் நின்றது. பழைய பெட்டியையே திரும்ப மாட்டி, ஜெட்டை ஒரு நம்பர் இறக்கியிருக்கிறேன்.