பெருச்சாளிக் கூண்டுக்குள் எதை விரிப்பது?

போன வாரம் பெருச்சாளிக் கூண்டுக்கு ஸ்பிரிங் மாற்றிக்கொண்டு பட்டறையிலிருந்து வரும்போது மச்சான் போனில் கூப்பிட்டார். "மாப்ள, அதே மாதிரி நானும் ஒன்று வாங்கிப் போடலாமா?" என்றார். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. அடுத்த வருடம் நட்ட தென்னங்கன்றுகளைப் பெருச்சாளி அடியில் குடைந்து குருத்தைத் தின்றது. அப்போது வாங்கிய கூண்டு இது. கம்பி உறுதி, கதவு விழும் வேகம் அருமை. என் கோபமெல்லாம், கால் பட்டு அமுங்கினால் கதவை விழவைக்கும் அந்த மிதிதட்டு மேல்தான்.

வெறும் கம்பித் தரையில் பெருச்சாளி லேசில் கால் வைக்காது. வாசலில் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். ஆகவே ஏதாவது விரித்தாக வேண்டும். விரித்ததெல்லாம் தட்டுக்கு அடியில் போய் அடைத்துக்கொள்ளும்! உமி போட்டேன். அது நழுவி அடியில் இறங்கியதில் தட்டு அமுங்கவே இல்லை. காலையில் கருவாடு காலி, கதவு திறந்தபடி. நார்க்கழிவு ஊரெல்லாம் குவிந்து கிடக்கிறதே என்று அதைப் போட்டேன். பனியைக் குடித்துக் கனத்துப்போய், அதுவே தட்டை அழுத்தி வெறுங்கூண்டை மூடிவிட்டது. ஸ்பிரிங் துருப்பிடித்ததும் அந்த ஈரத்தால்தான். வைக்கோல் கதவடியில் சிக்கி, கதவு பாதியில் நின்றது.

கடைசியில் கைகொடுத்தது, வளை வாயில் பெருச்சாளியே தள்ளி வைத்திருந்த மண். அதில் அதன் வாடையே இருப்பதால் தயங்காமல் மிதிக்கிறது என்று நினைக்கிறேன். சலித்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைப்பேன். எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தால் பரவுவது, அதனால் கையுறை இல்லாமல் அந்த மண்ணைத் தொடுவதில்லை. கூண்டின் அடியைத் தரையில் கொஞ்சம் பதித்து, தட்டையும் சுற்றியுள்ள இடுக்கையும் மூடும்படி அகலமான வாழைச்சருகு ஒன்றை வைத்து, அதன்மேல் மண்ணை மெல்லியதாகத் தூவுவேன். சருகு மண்ணைக் கீழே இறங்க விடாது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

மேலே மூடுவதற்குத் தார்ப்பாய் வேண்டாம், காற்றில் படபடக்கும். சாக்கை வலை வழியே பல்லால் இழுத்து உள்ளே வாங்கிக்கொள்கிறது. பின்னிய தென்னங்கீற்றுதான் சரி. வாசலை மட்டும் விட்டு மூடி, வேலியோரமாக வைத்தால் அதற்கு ஒரு பொந்து போலத் தெரியும். முதல் மூன்று ராத்திரி கதவைக் கட்டிவிட்டு இரை மட்டும் வைக்க வேண்டும். புதுச் சாமானைக் கண்டால் அதற்குப் பயம்.

ஒருமுறை கீரி மாட்டிக்கொண்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிக்கக் கூடாது, பாம்படிக்கும் நல்ல ஜீவன் வேறு. உடனே திறந்துவிட்டேன். அதிலிருந்து விடிவதற்குள் போய்ப் பார்த்துவிடுகிறேன்.

இவ்வளவு செய்தும் மழைக்காலத்தில் சருகு ஊறி, மண் சேறாகி, தட்டு மறுபடி இறுகிவிடும். நேற்றுக் காலையும் அப்படித்தான், புது ஸ்பிரிங் போட்டும். மச்சானைக் கூப்பிட்டு இந்தக் கூண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தட்டுக்கு அடியில் இரண்டு விரல் இடம் விட்டுச் செய்தது கிடைத்தால் அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.