தார்ப்பாயா, தூம்பா? கரையேற்றிய படகும் பினாங்கு மழையும்

பாய்மரப் படகைக் கரையேற்றி வைத்தால் உள்ளே தண்ணீர் சேராமல் காப்பது எப்படி என்று தேடினால் கிடைப்பதில் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியதுதான். அவர்களுடைய பயம் பனி. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருகும், குழாயைப் பிளக்கும், எஞ்சினையே விரிசல் விடவைக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவர்கள் படகை மூடி வைக்கிற ஜனவரியில் பினாங்கு ஓரளவு காய்ந்து கிடக்கும், நமக்கு வினை வருவது செப்டம்பர், அக்டோபரில். அதனால் அவர்கள் யோசனையை அப்படியே எடுத்தால் பாதி சரி, பாதி தலைகீழ்.

நானும் மச்சானும் கூட்டாக வைத்திருக்கும் 26 அடி பழைய ஃபைபர் படகு மூன்று முறை கரையேறியிருக்கிறது. தீவின் தெற்கே, படகுகளைக் கரையேற்றி நிறுத்தும், கூரையில்லாத யார்ட். மூன்று முறையும் மூன்று வழி பார்த்தோம்.

முதலில் நீலத் தார்ப்பாய். மலிவு, எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும், அவ்வளவுதான் அதன் பெருமை. நம்ம ஊர் வெயிலில் சில மாதத்திலேயே நூல் நூலாகப் பிரிந்துவிட்டது, அதற்கு முன்பே நடுவில் தொய்ந்து குளம் கட்டி, அந்தக் குளத்தில் கொசுப்புழு நெளிந்தது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும், சுகாதார இலாகா ஆள் வந்து பார்த்தால் அபராதம் படகுக்காரருக்குத்தான். அதைவிட மோசம் உள்ளே. இறுக்கிக் கட்டிய தார்ப்பாய்க்குள் பகலில் ஏறும் சூட்டில் ஈரம் ஆவியாகி, ராத்திரி குளிர்ந்ததும் மேலிருந்து சொட்டுகிறது. மழையைத் தடுத்துவிட்டு நாமே உள்ளுக்குள் ஒரு மழையை உண்டாக்கின மாதிரி. மெத்தையெல்லாம் பூஞ்சைக்காளான். வெளிநாட்டில் படகைச் சுற்றிச் சூடு காட்டி ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் இதே கதைதான், காற்றுத் துளை போதுமான அளவு வைக்காவிட்டால் இங்கே அது இட்லிச் சட்டி.

இன்னொன்று, தார்ப்பாய்க் கயிற்றைப் படகைத் தாங்கும் இரும்புக் கால்களில் கட்டவே கூடாது. விடியற்காலையில் மலாக்கா நீரிணையில் சுமத்ரா புயல்காற்று அடிக்கும்போது தார்ப்பாய் படபடத்து அந்தக் காலையே உருவிவிடும். நாங்கள் கட்டியிருந்தோம். பக்கத்துப் படகுக்காரர் பார்த்து அவிழ்த்துவிட்டார், சாமி புண்ணியம்.

இரண்டாவது முறை மூடியே வைக்கவில்லை, பில்ஜில், அதாவது படகின் அடிவயிற்றில், சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் தானியங்கி பில்ஜ் பம்பை நம்பினோம். கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். காக்பிட், அதாவது படகோட்ட உட்காரும் திறந்த பள்ளம், 3 சதுர மீட்டர் என்று வைத்தால் 100 மில்லிமீட்டர் மழைக்கு 300 லிட்டர். பினாங்கை வெள்ளத்தில் மூழ்கடித்த 2017 நவம்பர் 4-ஆம் தேதி ராத்திரியைப் பார்த்தவர்களுக்கு 100 மில்லிமீட்டர் என்பது பெரிய எண்ணாகத் தோன்றாது. காக்பிட் வடிகாலை நாலு இலை அடைத்தால் போதும், அத்தனையும் கதவிடுக்கு வழியே உள்ளே இறங்கும். எங்களுக்கு அடைத்தது இலைகூட இல்லை, குளவி கட்டிய மண்கூடு. பம்ப் ஓடி ஓடி பேட்டரி செத்து, நாங்கள் போய்ப் பார்த்தபோது தரைப்பலகைக்கு மேல் தண்ணீர். மழைத் தண்ணீர்தானே, உப்பில்லையே என்று மச்சான் ஆறுதல் சொன்னான். அங்கேதான் தப்பு. உப்புத் தண்ணீர் மரத்தை ஓரளவு காக்கும், நல்ல தண்ணீரில்தான் அழுகல் பூஞ்சை செழிக்கும். எங்கள் உள் தடுப்புப் பலகையின் அடிப்பாகம் விரலால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

மூன்றாவது முறை, இப்போது, தூம்பு. அடிவயிற்றின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு துளை போட்டு, திருகி மூடும் பித்தளை அடைப்பான் வைத்தோம். கரையில் இருக்கிறவரை அடைப்பானைக் கழற்றிவிட வேண்டியது. பேட்டரி வேண்டாம், சுவிட்ச் வேண்டாம், புவியீர்ப்பு லீவு எடுக்காது. முகப்பைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தச் சொன்னோம், டெக்கில் விழும் தண்ணீர் பின்பக்கம் ஓடி வடிகாலைச் சேரும். துளைகளுக்கெல்லாம் கொசுவலைக் கம்பி, எலிக்கும் குளவிக்கும் சேர்த்து. மேலே தார்ப்பாய் உண்டு, ஆனால் கனமான கேன்வாஸ், நடுவில் குழாய் கொடுத்துக் கூடாரம் மாதிரி, இரண்டு முனையும் திறந்தபடி. பாய்மரம் நின்றுகொண்டே இருந்தால் இதுவும் அரைகுறைதான், அடிவரை இறங்கும் மரமாக இருந்தால் அதன் உள் வழியாகவே மழை பில்ஜுக்கு வந்துவிடும். தூம்பு இருந்தால் வந்த வழியே போகும், அதுதான் வித்தியாசம்.

ஈரம் இழுக்கும் மெஷின் பற்றியும் கேட்பீர்கள். குளிர்நாட்டில் கம்ப்ரஸர் வகை சரியாக வேலை செய்யாது, பனிக்கட்டி பிடித்துக்கொள்ளும் என்று வேறு வகை வாங்கச் சொல்வார்கள். இங்கே 30 டிகிரியில் கம்ப்ரஸர் வகைதான் ஜோராக ஓடும். ஆனால் யார்டில் மின்சாரம் வேண்டும், படகை நன்றாக மூடவும் வேண்டும். கூடாரத்தையும் சன்னலையும் திறந்துவைத்து அதை ஓட்டுவது கதவைத் திறந்துபோட்டு ஏர்கான் போடுகிற வேலை. அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா படகுக்குப் போதாது, நிரம்பிக் கவிழ்ந்தால் அந்த உப்புக் கரைசல் இரும்பைத் தின்னும்.

கூரை போட்ட இடத்தில் வாடகை கட்ட முடிகிறவர்கள் இதையெல்லாம் படிக்கவே வேண்டாம். பம்ப் மட்டும் போதும் என்கிறவர்கள் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறவர்களாக இருந்தால் சரி. வேலை, குடும்பம் என்று மாதம் ஒருமுறை யார்ட் இருக்கும் பத்து மாவுங் பக்கம் எட்டிப்பார்க்கிற எங்களைப் போன்றவர்களுக்குத் தூம்புதான். அதற்கும் ஒரு ஆபத்து உண்டு, கடலில் இறக்கும் நாளில் அடைப்பானை மாட்ட மறந்தால் கதை முடிந்தது. எங்களுடையது சுக்கான் கைப்பிடியில், சிவப்புத் துணி கட்டி, கண்ணுக்கு நேராகத் தொங்குகிறது.