விவிட்டார் 55 மக்ரோ: பெயரை விட்டு இலக்கத்தைப் பாருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு ஸ்ருட்காட்டில் இருந்து தம்பி ஒருவர் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, ஒரு பனகோர் 55 மக்ரோ விலைக்கு வந்திருக்கு. மெத்த அரிது எண்டு போட்டிருக்கு. இருநூற்றி நாற்பது யூரோ. விட்டா வேற ஆரும் எடுத்திடுவாங்கள்."

"காசைக் கட்டிப்போட்டீரோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப படுத்து எழும்பும். நாளைக்குக் கதைப்பம்."

அவர் சொன்ன லென்ஸ், கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கும் அந்த மக்ரோ, என் மேசையிலேயே இருந்தது. பெயர்தான் வேறு. நூர்ன்பேர்க் பழைய நகரில் வருடத்துக்கு இரண்டு தரம் கூடும் ட்ரெம்பல்மார்க்ட் சந்தையில், கோப்பி அரைக்கும் ஆலைகளுக்கும் உடைந்த வானொலிகளுக்கும் நடுவில் இருந்த ஒரு மட்டைப் பெட்டியிலிருந்து, மூன்று வருடத்துக்கு முன்னர் 38 யூரோவுக்கு எடுத்தது. முன் வளையத்தில் விவிட்டார் 55 மி.மீ. எஃப் 2.8 என்று இருந்தது: 55 குவியத் தூரம், எஃப் என்பது ஒளி புகும் துளையின் அளவு (எண் சிறிதானால் துளை பெரிது). பின்னால் கமராவில் திருகிப் பொருத்தும் எம்42 வாய். அன்று நான் முதலில் பார்த்தது கண்ணாடியை அல்ல, தொடர் இலக்கத்தை. அது 28731 என்று தொடங்கியது. மறுபேச்சுப் பேசாமல் காசைக் கொடுத்தேன்.

அந்த இலக்கத்தை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. விவிட்டார் என்பது ஒரு தொழிற்சாலையின் பெயரல்ல. ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மக்ஸ் பொண்டர், ஜோன் பெஸ்ட் என்ற இருவர் 1938 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இறக்குமதி வியாபாரம் பிறகு தன் பொருட்களுக்கு வைத்த பெயர் அது. யப்பானில் இருந்த சிறிய, பெரிய தொழிற்சாலைகளிடம் லென்ஸ் செய்வித்துத் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். எது எந்தத் தொழிற்சாலையில் இருந்து வந்தது என்று தங்களுக்கே கணக்கு வேண்டுமே, அதற்காக இலக்கத்தின் முன்பகுதியில் ஒரு குறி வைத்தார்கள். முதல் இரண்டு எண் செய்தவரைச் சொல்லும்: 22 என்றால் கினோ பிரிசிஷன், 28 கொமினே, 37 டொக்கினா, 47 சினோன். கொசினாவுக்கு 9. அடுத்த ஒற்றை எண் வருடத்தின் கடைசி எண். அதற்கடுத்த இரண்டும் அந்த வருடத்தின் எத்தனையாவது கிழமை என்பது. ஆக என்னுடையது கொமினே, ஏழில் முடியும் ஒரு வருடம், 31 ஆவது கிழமை.

வருடத்துக்கு ஒற்றை எண்தான் என்பதால் 1977 ஆகவும் இருக்கலாம், 1987 ஆகவும் இருக்கலாம். இந்த இடத்தில் லென்ஸின் பின்பக்கத்தைக் கேட்க வேண்டும். 1987 இல் எம்42 திருகு வாயுடன் புதிதாக ஒரு மக்ரோ செய்து விற்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. சந்தை முழுக்கத் திருகாமல் கொளுவிப் பூட்டும் வாய்களுக்கு மாறி விட்டிருந்தது. எனவே 1977, ஓகஸ்ட் முதல் கிழமை. அப்போது எனக்கு ஏழு வயது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 1970 க்கு முந்திய விவிட்டார்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது அதற்குப் பிறகு வந்த முறை.

ஒரே பெயருக்குள் எத்தனை கைகள் இருந்தன என்பதற்கு விவிட்டாரின் சீரிஸ் 1 வரிசையின் 70-210 சூம் நல்ல உதாரணம். முதலில் வந்தது கினோ செய்தது, எஃப் 3.5, முன்னால் 67 மி.மீ. ஃபில்ரர். அடுத்தது டொக்கினா, அதே 3.5, ஆனால் 62 மி.மீ. மூன்றாவது கொமினே, 2.8 இலிருந்து 4 வரை மாறுவது. நாலாவது கொசினா. விற்பவர் நாலையும் ஒரே பெயரில் ஒரே விலைக்குப் போடுவார். கையில் எடுத்தால் நாலும் நாலு விதம். நான் கொமினேயையே தேடுவேன்.

இந்த 55 இன் கதை அதற்கு எதிர்ப்பக்கம்: ஒரே லென்ஸ், பல பெயர்கள். கொமினே இதை விவிட்டாருக்கும் கொடுத்தது, பனகோருக்கும் கொடுத்தது, எலிகாருக்கும் கொடுத்தது. ஒரு பெயரில் குறைவாக விற்றிருக்கலாம். அதற்காக அந்தக் கண்ணாடி அரிதாகிவிடுமா? பெயர் வளையம்தான் அரிது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், "அரிது" என்ற சொல்லுக்கு நம்மவர்கள் பலர் வீணாகக் காசு கொடுப்பதைப் பார்த்துவிட்டேன். கினோவின் 105 மி.மீ. மக்ரோவும் அப்படித்தான். கிரோன் என்ற சொந்தப் பெயரிலும் வந்தது, விவிட்டார் சீரிஸ் 1 ஆகவும் வந்தது, பல் வைத்தியர்களுக்குக் கமரா விற்ற லெஸ்டர் ஏ. டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயரிலும் வந்தது. பல் வைத்தியரின் அலுமாரியில் கிடந்தது பெரும்பாலும் சுத்தமாகக் கிடக்கும் என்பது மட்டும் உண்மை.

சரி, இந்த 55 என்ன செய்யும்?

நான் இதை வாங்கியது பூவுக்கும் பூச்சிக்கும் அல்ல. அப்பாவின் நெகட்டிவ்களுக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த ஒரு பால்மா ரின்னுக்குள், ஐந்தும் ஆறுமாக வெட்டிய கறுப்பு வெள்ளைச் சுருள்கள், ரிசு பேப்பரில் சுற்றியபடி. 35 மி.மீ. ஃபிலிம் என்றால் ஒரு படம் 24 க்கு 36 மி.மீ. பெரிய சென்சர் கமராவில் அதை முழுதாக நிரப்ப ஒன்றுக்கு ஒன்று வேண்டும், அதாவது பொருளின் அதே அளவு சென்சரில் விழ வேண்டும். என்னுடையது அதைவிடச் சிறிய சென்சர், அதனால் மூன்றில் இரண்டு பங்கு அளவு போதும். பெரும்பாலான பழைய 50, 55 மக்ரோக்கள் பாதி அளவில் நின்றுவிடும், மீதிக்கு லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவில் ஒரு குழாயைச் செருக வேண்டும். இது குழாய் இல்லாமலே ஒன்றுக்கு ஒன்று வரை போகிறது. வளையத்தைத் திருப்பத் திருப்ப உடம்பு நீண்டுகொண்டே போகும். முன் கண்ணாடி ஆழக் குழிக்குள் இருப்பதால் ஒளிமறைப்புத் தனியாக வேண்டியதில்லை.

நெகட்டிவுக்கு நடுப்பகுதி கூர்மையாக இருந்தால் போதாது. நாலு மூலையும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். சாதாரண 50 ஐக் குழாயில் போட்டு எடுத்தபோது நடுவில் நின்ற அம்மம்மா தெளிவாக, ஓரத்தில் நின்ற பிள்ளைகள் கரைந்துபோய் வந்தார்கள். இந்த லென்ஸில் எஃப் 8 வைத்தால் ஓரம் வரை ஃபிலிமின் மணி, அதாவது படத்தை ஆக்கும் நுண் புள்ளிகள், தெரிகிறது. மணி தெரிந்துவிட்டால் அதற்குமேல் அந்த ஃபிலிமில் எடுக்க ஒன்றுமில்லை. ஒரு படத்தில் சித்தப்பா வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வீட்டில் இருந்த பழைய பிரதியில் அது வெறும் சைக்கிள். இதில் எடுத்துப் பெரிதாக்கியபோது முன் தகட்டில் கொக்கின் தலை தெரிந்தது. அது ரலி சைக்கிளின் சின்னம். அது என்ன சைக்கிள் என்று சித்தப்பாவின் மகளும் நானும் வருடக்கணக்காக வாதாடியிருக்கிறோம்.

எஃப் 2.8 இல் மூலைகள் இளகும், நெகட்டிவுக்கு அதைப் பாவிக்க வேண்டாம். எஃப் 16 க்கும் போக வேண்டாம். கிட்டப் போகும்போது லென்ஸ் நீளுவதால் துளை நடைமுறையில் சிறுத்துவிடுகிறது: ஒன்றுக்கு ஒன்றில் 8 என்பது 16 போல, 16 என்பது 32 போல வேலை செய்யும். வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும், கூர்மையும் மழுங்கும். முத்திரை, நாணயம் எடுப்பவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கமராவும் நெகட்டிவும் சமாந்தரமாக நிற்கிறதா என்று பார்க்க நான் மட்டக்கோல் வைப்பதில்லை. நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு முகக்கண்ணாடித் துண்டை வைத்து, லென்ஸின் சொந்த விம்பம் படத்தின் நட்ட நடுவில் வரும்வரை கமராவை அசைப்பேன். இரண்டு நிமிட வேலை.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது மதிப்புரை ஆகாது. முதலாவது, நெருக்கம். ஒன்றுக்கு ஒன்றில் லென்ஸின் விளிம்புக்கும் பொருளுக்கும் நடுவில் நாலு விரல் அளவுதான் இடம். உயிருள்ள பூச்சி பறந்துவிடும், லென்ஸின் நிழலும் விழும். பூச்சிக்கு 90 அல்லது 105 தேடுங்கள். இரண்டாவது, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை இதன் கண்ணாடிப் பூச்சு நன்றாகத் தாங்காது. நெகட்டிவைச் சுற்றி வெள்ளை வெளிச்சம் கசிந்தால் படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல ஆகும். நான் கறுப்பு மட்டையில் அளவாகச் சதுரம் வெட்டி மூடுகிறேன், அதோடு சரி. மூன்றாவது கிறீஸ். இத்தனை நீளம் திருப்ப வேண்டிய திருகில் கிறீஸ் காய்ந்துபோனால் வளையம் கல்லாகிவிடும். என்னுடையது குளிர்காலக் காலைகளில் இன்னும் முறுகுகிறது. எம்42 இல் வாங்குபவர்கள் கவனிக்க இன்னொன்று: பின்னால் உள்ள சிறிய ஊசியை அழுத்தி வைக்கும் விளிம்புள்ள அடாப்டரையே எடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் 8 வைத்தாலும் துளை 2.8 இலேயே நிற்கும், லென்ஸ் பழுது என்று நினைத்துவிடுவீர்கள்.

நான் இருப்பது நூர்ன்பேர்க்குக்குப் பக்கத்து ஃபியூர்த்தில். 1927 இல் குவெல்லே தபால் வியாபாரம் தொடங்கிய ஊர் இது. அவர்களின் ஃபோட்டோ குவெல்லே, ரெவ்யூ என்ற பெயரில் கமராவும் ரெவ்யூனோன் என்ற பெயரில் லென்ஸும் விற்றது. சோவியத் செனிட் ஈ கூட இங்கே ரெவ்யூஃபிளெக்ஸ் ஈ ஆனது. 2009 இல் குவெல்லே முறிந்துபோனது. நூர்ன்பேர்க்கின் ஃபியூர்தர் வீதியில் அவர்களின் பெரிய அனுப்பகக் கட்டிடத்தைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன். எங்கள் மேல்மாடியில் இருக்கும் மூதாட்டி அங்கே பொதி கட்டியவர். ரெவ்யூனோனை யார் செய்தது என்று ஒருநாள் கேட்டேன். "குவெல்லேதானே" என்றார். கட்டி அனுப்பியவருக்கே தெரியாதபடிதான் அந்த வியாபாரம் நடந்தது.

அந்தப் பெயரில் மெய்யாகவே தேடத்தக்கது ஒன்று உண்டு: எம்42 வாயுடன் வந்த ரெவ்யூனோன் 55 எஃப் 1.2. செய்தது டோமியோகா. சினோன், கொசினோன் பெயர்களிலும் அதே லென்ஸ் வந்தது. அந்தக் குறுகிய திருகு வாய்க்குள் 1.2 ஐ அடக்கியவர்கள் மிகச் சிலர், எல்லாப் பெயரையும் கூட்டினாலும் சந்தைக்கு வருவது குறைவு. அரிது என்ற சொல்லை இப்படித்தான் அளக்க வேண்டும் என்பது என் எண்ணம்: பெயர்களை எல்லாம் கூட்டிவிட்டு, பிறகும் குறைவா என்று பார்க்க வேண்டும். அதே டோமியோகா என்ற சொல் முன் வளையத்தில் பொறித்திருந்தால் விலை இன்னும் ஏறும், கண்ணாடி மாறாது. பொன்னிற முட்டை வடிவ 'பாஸ்ட்' ஒட்டியைக் காட்டி விலை ஏற்றுபவர்களும் உண்டு. அது யப்பானில் ஏற்றுமதிக்கு முன் செய்த தரப் பரிசோதனையின் அடையாளம். ஆயிரக்கணக்கான சாதாரண லென்ஸ்களிலும் ஒட்டினார்கள்.

மறுநாள் ஞாயிறு, தம்பி அனுப்பிய படங்களைத் திரையில் போட்டு என் விவிட்டாரைப் பக்கத்தில் வைத்தேன். பனகோர் இலக்கத்தில் விவிட்டார் கணக்குச் செல்லாது, உடம்பைத்தான் ஒப்பிட வேண்டும். ரப்பர் பிடியின் கோலத்தை நான் நம்புவதில்லை, அது வாங்கும் கடைக்காரன் கேட்டபடி மாறும். மாற்றச் செலவு கூடியவற்றைப் பார்ப்பேன்: துளை வளையம் இருக்கும் இடம், மிகக் கிட்டிய தூரம், நீளும் குழாயில் பொறித்த உருப்பெருக்க அளவுகள், முன் கண்ணாடியின் ஆழம், பின் தகட்டில் திருகாணிகள் இருக்கும் இடம். ஐந்தும் பொருந்தின.

"தம்பி, அது என்ர லென்ஸ்தான். எழுபது யூரோவுக்கு மேல குடுக்காதையும். 28 இல தொடங்கிற விவிட்டார் ஒண்டு பாரும்."

இரண்டு கிழமையில் 60 யூரோவுக்கு ஒன்று கிடைத்தது. போன ஞாயிறு கொண்டுவந்து காட்டினார். 28847, அதாவது 1978 கார்த்திகை. கண்ணாடியில் பூஞ்சணம் இல்லை, துளை இதழ்களில் எண்ணெய் இல்லை, வளையம் ஒற்றை விரலுக்கு ஓடுகிறது. மாற்றித் தருவீரோ என்று கேட்டேன். மாட்டாராம். தன் அம்மாவின் நெகட்டிவ்களோடு வந்திருந்தார், மூன்று சுருளை அன்றே எடுத்து முடித்தோம்.