பிரமிடனா, நி-ஓலெசுண்டா?

நார்வேயின் ஸ்வால்பார் தீவுகளில் நிலக்கரிக்காகவே முளைத்த ஊர்கள் இரண்டும். சுரங்கம் மூடியபின் ஒன்று காலியானது, மற்றொன்று தொழிலை மாற்றிக்கொண்டது.

பிரமிடன், 1927இல் சோவியத் கைக்கு வந்த ஊர். ஒரு காலத்தில் ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். நீச்சல்குளம், கலையரங்கம், அதில் ஒரு பியானோ என்று ராஜ வசதி. 1996இல் ஸ்வால்பாரில் விமானம் மலையில் மோதி 141 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இங்கும், ஸ்வால்பாரின் இன்னொரு ரஷ்யச் சுரங்க ஊரான பேரன்ட்ஸ்பர்க்கிலும் வேலை செய்தவர்கள், அவர்கள் குடும்பத்தினர். 1998இல் சுரங்கத்தை மூடினார்கள். இன்று குடியிருப்பின் ஜன்னல் விளிம்புகளில் கடற்பறவைகள் கூடு கட்டுகின்றன; லெனின் சிலை மட்டும் பனியாற்றைப் பார்த்தபடி நிற்கிறது.

நி-ஓலெசுண்டின் கதை இன்னும் கனமானது. 1962இல் சுரங்க வெடிப்பில் 21 பேர் பலி. அந்த விவகாரம் மறுவருடம் நார்வே அரசையே கவிழ்த்தது. சுரங்கமும் போனது. அப்புறம் ஆய்வாளர்கள் வந்தார்கள். நம் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையமும் 2008 முதல் அங்கேதான். கருவிகளுக்கு இடைஞ்சல் என்று வைஃபை, புளூடூத் இரண்டுக்கும் தடை! நிலக்கரி இழுத்த பழைய ரயில் எஞ்சின் கரையோரம் காட்சிப்பொருளாக நிற்கிறது.

பார்க்க என்றால் பிரமிடன்தான். கோடையில் ஸ்வால்பாரின் முக்கிய ஊரான லாங்யர்பியனிலிருந்து படகிலேயே போகலாம். ஆனால் சுரங்கம் மூடப்போகிற ஊர்க்காரர் யாராவது அடுத்து என்ன செய்வது என்று கேட்டால், நான் கைகாட்டுவது நி-ஓலெசுண்டைத்தான். என்ன, குளிர்காலத்தில் அங்கே தங்குவதும் சில பத்துப் பேர்தான்.